கணினித் திரையில் தமிழ்: எழுத்து அகன்றால் மட்டும் போதுமா?

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றிய உரையின் கட்டுரை வடிவம்)



‘கணினியில்தான் தமிழ் வந்துவிட்டதே, இனியும் என்ன குறை?’ என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கைத்தொலைபேசியில் தமிழில் செய்தி அனுப்புகிறோம். இணையத்தில் தமிழ் நாளேடு படிக்கிறோம். தாத்தா பாட்டிகூட பேரப் பிள்ளைக்குத் தமிழில் வாழ்த்து அனுப்புகிறார்கள். இருந்தும், ஏதோ ஒரு பதாகையில், ஏதோ ஒரு விளம்பரத்தில், ஏதோ ஒரு மென்பொருளில் கொம்பு ஒரு பக்கமும் துணைக்கால் ஒரு பக்கமுமாகத் தமிழ் சிதறிக் கிடப்பதை இன்றும் பார்க்கிறோம். பார்த்தவுடன், ‘தட்டச்சு செய்தவருக்குத் தமிழ் தெரியவில்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

பல நேரங்களில் தட்டச்சு செய்தவர் மீது தவறே இல்லை. அவர் சரியாகத்தான் தட்டியிருப்பார். கணினியும் சரியாகத்தான் சேமித்திருக்கும். திரையில் எழுத்தை வரைகிற இடத்தில்தான் கோளாறு. அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இன்று கொஞ்சம் விளக்கமாகப் பார்க்கப் போகிறோம். கணினித் துறையில் இல்லாதவர்களுக்கும் புரியும்படி சொல்ல முயல்கிறேன்.

கருவித்தொகுப்பு என்பது என்ன?

கணினியில் ஒரு மென்பொருளைத் திறந்தால் சாளரம் தெரிகிறது. அதில் பொத்தான்கள், பட்டியல்கள், எழுதுவதற்கான பெட்டிகள் இருக்கின்றன. இவற்றை ஒவ்வொரு நிரலாளரும் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்குவதில்லை. வீடு கட்டுகிறவர் கதவையும் சன்னலையும் கடையில் வாங்கிப் பொருத்துவதுபோல, நிரலாளரும் ஆயத்தமாக இருக்கும் ஒரு தொகுப்பிலிருந்து எடுத்துப் பொருத்துகிறார். இதைத்தான் வரைகலை இடைமுகக் கருவித்தொகுப்பு என்கிறோம். கியூட்டி, ஜிடிகே, டிகே, எஃப்எல்டிகே என்று பல தொகுப்புகள் உள்ளன.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பொத்தானின் மேல் ‘சேமி’ என்ற சொல்லை வரைவது பெரும்பாலும் மென்பொருளை எழுதியவரின் வேலையல்ல. அது கருவித்தொகுப்பின் வேலை. ஆகவே கருவித்தொகுப்புக்குத் தமிழ் வரைய வராவிட்டால், அதன் மேல் கட்டப்படும் எந்த மென்பொருளுக்கும் தமிழ் எளிதில் வராது. அடித்தளத்தில் உள்ள விரிசல் மாடி வரைக்கும் தெரியும்.

256 அறைகள்

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்து வைத்திருக்கிறோம். பழைய முறையில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட், அதாவது எட்டு பிட் இடம். எட்டு பிட்டில் 256 எண்கள்தான் கிடைக்கும். ஆங்கிலத்துக்கு அதில் பாதியே போதும்.

தமிழுக்கு 247 எழுத்துகள். கிரந்த எழுத்துகள் தனி. ஆங்கிலத்தையும் வைத்துக்கொண்டு மிச்சமுள்ள 128 அறைகளில் தமிழை அடக்க வேண்டிய நிலை. நம் முன்னோடிகள் அதற்கும் வழி கண்டார்கள். கொம்புக்கு ஓர் அறை, துணைக்காலுக்கு ஓர் அறை என்று துண்டு துண்டாகப் பிரித்து வைத்தார்கள். ‘கொ’ என்று எழுத, முதலில் கொம்பு, பிறகு ‘க’, பிறகு துணைக்கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்தார்கள். கணினி இடமிருந்து வலமாக வரிசையாக வரைந்தாலே போதும். தமிழ் ஒழுங்காகத் தெரிந்தது.

சிக்கல் வேறொன்று. ஒவ்வோர் எழுத்துரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி அறை எண் கொடுத்தார். ஒருவர் அனுப்பிய மின்னஞ்சல் இன்னொருவருக்குப் புரியாத குறிகளாகத் தெரிந்தது. இதைச் சீர்செய்யும் முயற்சியில் நம் வட்டாரத்துக்குப் பெரும் பங்குண்டு. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் ஆகியோரின் உழைப்பைச் சொல்லாமல் தமிழ்க் கணிமை வரலாற்றைச் சொல்ல முடியாது. 1997இல் சிங்கப்பூரில் தமிழிணைய மாநாடு நடந்தது. 2000இல் அதே சிங்கப்பூரில் நடந்த மாநாட்டையொட்டி உத்தமம் என்ற அனைத்துலக அமைப்பு பிறந்தது. திஸ்கி, டாம், டாப் போன்ற பொதுக் குறியீடுகள் அந்தக் காலக்கட்டத்தில் வந்தவைதாம்.

‘அகன்ற எழுத்து’ வந்த கதை

இதற்கிடையே உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் ஒரே எண் பட்டியல் வேண்டும் என்ற முயற்சி தொடங்கியிருந்தது. 1991இல் யூனிகோட் முதல் பதிப்பு வெளிவந்தது. தமிழுக்கு 128 அறைகள் கொண்ட ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. எட்டு பிட் போதாது என்பதால் ஓர் எழுத்துக்குப் பதினாறு பிட் என்று கணக்குப் போட்டார்கள். 256 அறைகள் 65,536 அறைகளாயின. இப்படி அகலமான இடம் எடுத்துக்கொள்ளும் எழுத்தைத்தான் நிரலாளர்கள் ‘அகன்ற எழுத்து’ என்று அழைத்தார்கள்.

அதுவும் போதவில்லை என்பது வேறு கதை. இன்று யூனிகோட் பட்டியலில் பதினொரு இலட்சத்துக்கும் அதிகமான எண்களுக்கு இடமுண்டு. விண்டோஸ் கணினியில் அகன்ற எழுத்து என்றால் பதினாறு பிட். லினக்ஸ் கணினியில் முப்பத்திரண்டு பிட். ஒரே பெயர், இரண்டு அளவு. இது நிரலாளர்களுக்குத் தீராத தலைவலி.

இதில் தமிழுக்கு என்ன தொடர்பு என்று நினைக்கலாம். முக்கால், கால், மாகாணி, முந்திரி என்று நம் முன்னோர் கணக்கெழுதிய பின்னக் குறிகள் உட்பட 51 பழந்தமிழ்க் குறிகள் 2019இல் யூனிகோட்டில் சேர்க்கப்பட்டன. அவை அந்த 65,536 அறைகளுக்கு வெளியே இருக்கின்றன. பதினாறு பிட்டோடு நின்றுவிட்ட மென்பொருளில் முந்திரிக் குறியைக் காட்ட முடியாது. அல்லது ஒரு குறியை இரண்டாக எண்ணிக் குழம்பும்.

ஒரு சிறிய தொகுப்பின் பெரிய பாடம்

பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் புரியாது. ஓர் உண்மைக் கதையைப் பார்ப்போம்.

‘டைட்டானிக்’ படத்தில் கப்பல் மூழ்கும் காட்சிகளைக் கணினி வரைகலையில் செய்த நிறுவனங்களில் முக்கியமானது டிஜிட்டல் டொமைன். அந்நிறுவனத்தில் பணியாற்றிய பில் ஸ்பிட்சாக் உருவாக்கிய கருவித்தொகுப்புதான் எஃப்எல்டிகே. 1998இல் அது பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிடப்பட்டது. காட்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக இணைக்கும் ‘நியூக்’ மென்பொருளும் தொடக்கத்தில் இதன் மீதே இயங்கியது. திரைத்துறையின் பட்டறையிலிருந்து வந்த தொகுப்பு என்பதால் எங்களைப் போன்றவர்களுக்கு இதன்மீது ஒரு தனி ஈர்ப்பு.

இதன் பெருமை அதன் சிறிய உருவம். ஒரு சாளரத்தைத் திறந்து ஒரு வரி காட்டும் மென்பொருளைச் சுமார் நூறு கிலோபைட்டுக்குள் முடித்துவிடலாம். பழைய கணினியிலும் வேகமாக ஓடும். ஆனால் அது எட்டு பிட் காலத்தில் பிறந்த தொகுப்பு. ஓர் எழுத்து ஒரு பைட் என்ற நம்பிக்கை அதன் எலும்புக்குள் ஊறிக் கிடந்தது. எழுத்தின் அகலத்தை அளக்கும் இடம், கர்சர் எனப்படும் மினுக்கும் கோட்டை நகர்த்தும் இடம், வரியை மடிக்கும் இடம் என எல்லா இடத்திலும் அதே கணக்கு.

உலக மொழிகள் வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தபோது இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, எல்லாவற்றையும் அகன்ற எழுத்தாக மாற்றுவது. அப்படிச் செய்தால் ஏற்கெனவே எழுதப்பட்ட மென்பொருள்கள் எல்லாவற்றையும் திருத்தி எழுத வேண்டும். இன்னொன்று, யுடிஎஃப்-8 என்ற முறை. 1992இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் வகுத்த முறை இது. ஆங்கில எழுத்து முன்புபோலவே ஒரு பைட்டில் இருக்கும். வழக்கமான தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். பழைய மென்பொருள் உடையாது. புதிய மொழியும் உள்ளே வரும்.

எஃப்எல்டிகே இரண்டாம் வழியைத் தேர்ந்தெடுத்தது. உள்ளே யுடிஎஃப்-8 முறையில் சேமிப்பது. திரையில் வரையும் கணத்தில் மட்டும் அகன்ற எழுத்தாக மாற்றிக்கொள்வது. 2011இல் வந்த 1.3 பதிப்பில் இது அமலுக்கு வந்தது. ரஷ்ய மொழிக்காரர் மகிழ்ந்தார். கிரேக்கர் மகிழ்ந்தார். சீனமும் ஜப்பானியமும் திரையில் வந்தன.

தமிழ்?

கதவு அகன்றது, கொம்பு உள்ளே வரவில்லை

இங்கேதான் நம் மொழியின் தன்மையைப் புரிந்துகொள்ள வேண்டும். சீன எழுத்து ஒன்றுக்கு ஓர் எண். ஓர் எண்ணுக்கு ஒரு வடிவம். எண்ணைப் பார்த்து வடிவத்தை எடுத்து வரிசையாக வைத்தால் வேலை முடிந்தது. தமிழில் அப்படியில்லை.

யூனிகோட்டில் தமிழ் ஒலிக்கும் வரிசையில் சேமிக்கப்படுகிறது. ‘செல்வி’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ச’ முதலில்; ‘எ’கர உயிர்க்குறியான கொம்பு அதற்குப் பின்னால். தேடுவதற்கும் அகர வரிசைப்படுத்துவதற்கும் இதுவே வசதி. ஆனால் நாம் எழுதும்போது கொம்பை முன்னால் போட்டுப் பிறகுதானே ‘ச’ எழுதுகிறோம்? ஆகவே திரையில் வரையும்போது யாராவது இடம் மாற்றித் தர வேண்டும். மாற்றாமல் வரிசையாக வரைந்தால் கொம்பு ‘ச’வைத் தாண்டிப் போய் ‘ல’வின் முன்னால் நின்றுகொள்ளும். செல்வி, செல்வியாக இல்லாமல் போய்விடுவார்.

‘கோ’ இன்னும் சிக்கல். சேமிப்பில் இரண்டே எண்கள்: ‘க’ ஒன்று, ஓகாரக் குறி ஒன்று. திரையிலோ மூன்று வடிவங்கள்: இரட்டைக் கொம்பு, ‘க’, துணைக்கால். ஒரு குறியை இரண்டாகப் பிளந்து, நடுவே ‘க’வை நிறுத்த வேண்டும். ‘கு’வில் நேர்மாறு: இரண்டு எண்கள் சேர்ந்து ஒரே வடிவம். ‘ஸ்ரீ’யில் நான்கு எண்கள் சேர்ந்து ஒரே வடிவம்.

ஆக, எண்ணும் எழுத்தும் ஒன்றல்ல. எழுத்தும் வடிவமும் ஒன்றல்ல. இந்த மூன்றையும் இணைத்து வைக்கும் வேலைக்குத் தனியே ஓர் இயந்திரம் வேண்டும். அதை எழுத்துக்கோப்பு இயந்திரம் என்று சொல்லலாம். அகன்ற எழுத்து என்பது அகலமான கதவு மட்டுமே. உள்ளே வந்தவரை வரிசைப்படி உட்கார வைப்பது வேறு ஆளின் வேலை.

1.3 பதிப்பின் கையேடே இதை ஒளிக்காமல் சொன்னது: அடிப்படை எழுத்தும் அதனுடன் சேரும் குறியும் தனித்தனி எழுத்துகளாகவே கையாளப்படும் என்று. விளைவு விநோதமாக இருந்தது. விண்டோஸும் மேக்கும் எழுத்துக்கோப்பைத் தங்கள் சொந்த வரைகலைப் பகுதியிலேயே செய்துகொள்கின்றன. ஆகவே அங்கே பொத்தானின் மேல் எழுதிய தமிழ் பெரும்பாலும் ஒழுங்காகத் தெரியும். லினக்ஸ் கணினியில் தொகுப்பே எழுத்தை ஒவ்வொன்றாக வரைந்ததால் அதே சொல் சிதறும். ஒரே மென்பொருள், ஒரே சொல், இரண்டு முகம். ‘என் கணினியில் சரியாகத்தானே இருக்கிறது’ என்று நிரலாளர் சொன்னதும் உண்மை. ‘எனக்கு உடைந்து தெரிகிறது’ என்று பயனர் சொன்னதும் உண்மை.

அளவெடுப்பதிலும் சிக்கல்

வரைவது ஒரு பாதி. அளப்பது இன்னொரு பாதி. பெட்டிக்குள் சொல் அடங்குமா, வரி எங்கே மடிய வேண்டும், கர்சர் எங்கே நிற்க வேண்டும் என்பதையெல்லாம் தொகுப்பு கணக்கிட்டுக்கொண்டே இருக்கிறது. எழுத்துகளின் அகலத்தைத் தனித்தனியே கூட்டினால் ஆங்கிலத்துக்குப் பெரும்பாலும் சரியாக வரும். தமிழில் ‘க’வின் அகலமும் உகரக் குறியின் அகலமும் சேர்ந்தால் ‘கு’வின் அகலம் கிடைக்காது. கோத்து முடித்த பிறகுதான் அளக்க முடியும். துணியைத் தைத்த பிறகு சட்டையை அளப்பதற்கும், துண்டுகளைத் தனித்தனியே அளந்து கூட்டுவதற்கும் உள்ள வேறுபாடு இது.

‘தமிழ்ச்செல்வி’ என்ற பெயரைப் பாருங்கள். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு படிக்கும் பிள்ளையைக் கேட்டால் விரல்விட்டு எண்ணி, ஏழு எழுத்து என்று சொல்லும். யூனிகோட் கணக்கில் அது 13 குறிகள். யுடிஎஃப்-8 கணக்கில் 39 பைட்டுகள். மூன்று கணக்கும் சரி. ஆனால் எந்தக் கணக்கை எங்கே பயன்படுத்துவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

பெயருக்கு இருபது பைட் இடம் போதும் என்று முடிவு செய்த ஒரு பெட்டியில் இந்தப் பெயரைப் போட்டால் என்ன ஆகும்? ‘தமிழ்ச’ என்பதோடு வெட்டுப்படும். அடுத்த குறியின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் உள்ளே வந்து, ஒரு கேள்விக்குறிக் கட்டமாகத் தொங்கும். பிள்ளை தன் பெயரைத் திரையில் தேடும்; பாதிப் பெயர்தான் இருக்கும்.

கர்சரும் அப்படித்தான். வலப்பக்க அம்பு விசையை ஒருமுறை அழுத்தினால் ‘செ’யைத் தாண்டி அடுத்த எழுத்துக்குப் போக வேண்டும். குறிகளை மட்டும் எண்ணும் தொகுப்பில் கர்சர் ‘ச’வுக்கும் கொம்புக்கும் நடுவே எங்கோ நின்று, திரையில் அசையாததுபோல் தெரியும். பேக்ஸ்பேஸ் விசைக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. ‘கொ’ என்று எழுத நினைத்து ‘கோ’ என்று எழுதிவிட்டால் உயிர்க்குறியை மட்டும் அழித்துத் திருத்துவதே பலருக்கு வசதி. நகரும்போது முழு எழுத்து, பின்னோக்கி அழிக்கும்போது ஒரு குறி. இந்த நுட்பம் தமிழ் தட்டச்சு செய்கிறவருக்குக் கைப்பழக்கம். தொகுப்பை எழுதும் அயல்நாட்டு நிரலாளருக்கு யாராவது சொன்னால்தான் தெரியும்.

கோத்துக் கொடுத்தவர்கள்

நல்ல செய்தி என்னவென்றால், இந்த வேலையை ஒவ்வொரு தொகுப்பும் தனியே செய்ய வேண்டியதில்லை. மைக்ரோசாப்ட் தன் எழுத்துக்கோப்பு இயந்திரத்துக்கு யூனிஸ்கிரைப் என்று பெயரிட்டது. லதா எழுத்துருவுடன் விண்டோஸ் 2000 பதிப்பிலேயே தமிழ் வந்தது. ஜிடிகே தொகுப்பும் முந்தைய பதிப்புகளில் அகன்ற எழுத்தை வைத்துப் பார்த்த தொகுப்புதான். பின்னர் அது யுடிஎஃப்-8 முறைக்கு மாறி, எழுத்துக் கோக்கும் பொறுப்பைப் பாங்கோ என்ற தனி நூலகத்திடம் கொடுத்தது. கிரேக்கத்தில் ‘பான்’ என்றால் எல்லாம். ஜப்பானியத்தில் ‘கோ’ என்றால் மொழி. எல்லா மொழியும் என்று பெயர் வைத்தார்கள். 2002இல் வந்த ஜிடிகே 2.0 இதன் மீதே அமைந்தது.

நார்வேயின் டிரால்டெக் நிறுவனம் உருவாக்கிய கியூட்டி, 1999இல் தன் இரண்டாம் பதிப்பில் உள்ளேயே யூனிகோட்டுக்கு மாறியது. பின்னர் நம் திஸ்கி குறியீட்டைப் படிக்கும் பகுதியும் அதில் சேர்க்கப்பட்டது. எங்கோ நார்வேயில் எழுதப்பட்ட ஒரு தொகுப்புக்குள் தமிழுக்கென்று ஒரு தனிப்பகுதி இருந்ததை நினைத்துப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

இந்த முயற்சிகளின் தொடர்ச்சியாக வளர்ந்ததுதான் ஹார்ஃப்பஸ். பாரசீகத்தில் ‘திறந்த எழுத்து’ என்று பொருள்படும் பெயர். பெஹ்தாத் இஸ்ஃபஹ்பொத் இதைப் புதிதாக எழுதி வளர்த்தார். இன்று ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசி, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபிஸ் எல்லாவற்றிலும் எழுத்தைக் கோத்துக் கொடுப்பது இந்த இயந்திரம். நீங்கள் காலையில் தமிழ்ச் செய்தியைக் கைத்தொலைபேசியில் படித்திருந்தால், அநேகமாக இதன் உதவியோடுதான் படித்திருப்பீர்கள்.

நூறு கிலோபைட்டா, நம் எழுத்தா?

இவ்வளவு வசதி இருந்தும் எஃப்எல்டிகே ஏன் தாமதித்தது? அதன் பெருமையே சிறிய உருவம் என்று சொன்னேன் அல்லவா? பாங்கோவைச் சேர்த்தால் அதனுடன் பல நூலகங்கள் வரிசையாக வரும். குடும்பத்தில் ஒருவரை விருந்துக்கு அழைத்தால் சுற்றமும் சேர்ந்து வருவதுபோல. ‘எடை கூடுகிறதே, சிறிய தொகுப்பு என்று பெயர் வாங்கியவர்கள் நாம் இதைச் சுமக்க வேண்டுமா?’ என்று கேட்கத் தோன்றுவது இயல்புதான். ஆங்கிலம் மட்டும் எழுதுகிறவருக்கு இது வீண் சுமை. நமக்கோ அதுவே உயிர்மூச்சு.

2024 நவம்பரில் வந்த 1.4 பதிப்பில் இதற்கு வழி பிறந்தது. லினக்ஸில் வேலண்டு என்ற புதிய திரை முறையோடு இயங்கும்படி தொகுக்கப்படும்போது எழுத்து வரைவது பாங்கோவின் பொறுப்பு. பழைய எக்ஸ்11 முறைக்கு மட்டும் தொகுப்பவர்கள் விரும்பினால் பாங்கோவைச் சேர்த்துக்கொள்ளலாம், தானாக வராது. கதவு அகன்றது 2011இல். உட்கார இடம் கிடைத்தது 2024இல். இடையே 13 ஆண்டுகள். இதில் யார் மீதும் குறை சொல்வதற்கில்லை. ஊதியமின்றி ஓய்வு நேரத்தில் உழைக்கும் தன்னார்வலர்கள் அவர்கள். ஆனால் நாம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. ‘யூனிகோட் ஆதரவு உண்டு’ என்று ஒரு மென்பொருளின் உறையில் எழுதியிருந்தால், தமிழ் சரியாகத் தெரியும் என்று பொருளல்ல. தமிழ் எண்கள் உள்ளே போகும் என்பதுதான் பொருள்.

உடைந்தால் என்ன இழப்பு?

‘ஓர் எழுத்து இடம் மாறினால் குடியா முழுகிவிடும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நான் இருக்கும் துறையிலிருந்து ஒன்று சொல்கிறேன். தொலைக்காட்சியில் பேசுகிறவரின் பெயரைத் திரையின் அடியில் போடுவதற்கு ஒரு மென்பொருள் உண்டு. நேரலையின்போது விருந்தினரின் பெயர் அதில் சிதறித் தெரிந்தால் சரிபார்க்க நேரம் இருக்காது. சிதறிய பெயரைக் காட்டுவது அவருக்கு அவமதிப்பு. ஆகவே அந்த நொடியில் எல்லாரும் எடுக்கும் முடிவு ஒன்றே: ‘ஆங்கிலத்திலேயே போட்டுவிடு.’ ஆங்கில எழுத்து ஒருநாளும் உடைவதில்லை அல்லவா?

இழப்பு அங்கேதான். தமிழ் உடைந்த இடத்தில் உடைந்த தமிழ் நிற்பதில்லை. ஆங்கிலம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தமிழ் நிகழ்ச்சியில், தமிழ் பேசுகிறவரின் தமிழ்ப் பெயர், ஆங்கில எழுத்தில். இதைப் பார்த்து வளரும் பிள்ளை, ‘கணினி என்றால் ஆங்கிலம்தான்’ என்று தானாகவே முடிவு செய்துகொள்கிறது. நம் நாட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அங்கே பாடம் சொல்லித்தரும் ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளுக்காகச் சிறிய சொல்விளையாட்டு ஒன்றைக் கணினியில் உருவாக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் எடுத்துக்கொண்ட தொகுப்பில் ‘கோ’ உடைந்தால், அந்த விளையாட்டு அன்றோடு நின்றுவிடும். அவர் எழுத்தைப் படமாக வரைந்து ஒட்டலாம். ஆனால் படத்துக்குள் தேட முடியாது, திருத்த முடியாது, பார்வையற்றோருக்கான மென்பொருளால் வாசித்துக் காட்டவும் முடியாது.

விளையாட்டு மென்பொருள் உருவாக்கும் தளங்கள் சிலவற்றிலும், பக்க வடிவமைப்பு மென்பொருளின் சில பழைய பதிப்புகளிலும் இந்தக் குறை உண்டு. சிலவற்றில் எழுத்துக்கோப்பு வசதி இருந்தும் அமைப்பில் அணைக்கப்பட்டிருக்கும். கடைத்தெருப் பதாகைகளில் சிதறிய தமிழ் பலவற்றின் ஊற்றுக்கண் இதுதான். அமைப்பில் ஒரு தேர்வை மாற்றினால் தீர்ந்துவிடும் குறைக்காக, தமிழே இப்படித்தான் என்று பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

நாம் செய்யக்கூடியது

நிரல் எழுதத் தெரியாத நாம் என்ன செய்ய முடியும்? நிறையச் செய்யலாம். பள்ளிக்கோ, சங்கத்துக்கோ, அலுவலகத்துக்கோ ஒரு மென்பொருளை வாங்கும்முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி இவற்றைச் சோதித்துப் பாருங்கள்.

முதலில் ‘கொக்கு’, ‘கௌதாரி’, ‘ஸ்ரீ’ என்ற மூன்று சொற்களைத் தட்டுங்கள். குறி பிளப்பது, சேர்ப்பது, இடம் மாற்றுவது மூன்றும் இவற்றில் தெரிந்துவிடும். புள்ளிகளாலான வட்டம் எங்காவது தலைகாட்டினால் கோப்பு வேலை நடக்கவில்லை என்று பொருள்.

இரண்டாவது, அம்பு விசையால் எழுத்து எழுத்தாக நகர்ந்து பாருங்கள். ‘கொக்கு’வைத் தாண்ட மூன்று அழுத்தங்கள் போதுமா, கூடுதலாகத் தேவைப்படுகிறதா என்று எண்ணுங்கள்.

மூன்றாவது, நீண்ட பெயர் ஒன்றைச் சிறிய பெட்டியில் போடுங்கள். பெயர் முழுதாக நிற்கிறதா, எழுத்தின் நடுவே வெட்டுகிறதா என்று கவனியுங்கள்.

நான்காவது, அதே கோப்பை வேறு வகைக் கணினியில் திறந்து பாருங்கள். ஒன்றில் சரியாகத் தெரிவது மற்றொன்றிலும் சரியாகத் தெரியும் என்ற உறுதி கிடையாது.

குறை கண்டால் மனத்துக்குள் புழுங்காமல் எழுதித் தெரிவியுங்கள். ‘தமிழ் சரியில்லை’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பயனில்லை. எந்தச் சொல்லைத் தட்டினீர்கள், எப்படி வர வேண்டும், எப்படி வந்தது என்று திரைப்படத்தோடு அனுப்புங்கள். இந்தத் தொகுப்புகளை எழுதுபவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் தெரியாது. கொம்பு எங்கே நிற்க வேண்டும் என்று அவர்களாகக் கண்டுபிடிக்க முடியாது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்.

கணினித் துறையில் படிக்கும் நம் இளைஞர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் முதல் மென்பொருளில் எழுத்துகளை எண்ணும் இடம் வரும்போது ஒரு கணம் நில்லுங்கள். பைட்டை எண்ணுகிறோமா, குறியை எண்ணுகிறோமா, எழுத்தை எண்ணுகிறோமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளை விரல்விட்டு எண்ணும் கணக்கை உங்கள் மென்பொருளும் எண்ணினால், தமிழ்ச்செல்வியின் பெயர் முழுதாகத் திரையில் நிற்கும்.

மீண்டும் இன்னொரு தலைப்பில் சந்திப்போம்.